மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன!

திண்டுக்கல் பூட்டைப் பார்க்காதவர் யார்? அதைச் செய்யும் தொழிலாளியின் கையைக் கவனித்திருக்கிறீர்களா? விரல்கள் அரத்தைப் பற்றி, இப்படியும் அப்படியும் நடத்துகின்றன. அந்த விரல்கள் நிமிராமல் மடங்கிப்போனால் என்ன ஆகும்? அரமும் பிடிக்க முடியாது. சோறும் பிசைய முடியாது!

தொழுநோய் பலருக்கு இந்தக் கொடுமையைச் செய்தது. முழங்கை அருகே ஓடும் நரம்பை அந்த நோய் தாக்கும். கையில் உள்ள சிறிய தசைகள் செயல் இழக்கும். விரல்கள் பருந்தின் நகம்போல் வளைந்துவிடும்.

கொல்லிமலையில் பிறந்தவர்

டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். 1947-ல் செங்கற்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார்.

அங்கே விரல் வளைந்த ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து, அழுத்தச் சொன்னார். அவர் அழுத்தியதில் டாக்டருக்கு வலி எடுத்தது! அவ்வளவு வலு எங்கிருந்து வந்தது? முன்கையிலிருந்து! அங்குள்ள பெரிய தசைகள் கெடவில்லை.

ஒரு நாண், நான்கு விரல்

ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு தசைநாண்கள் உண்டு. ஒன்றை எடுத்தாலும் மற்றது வேலை செய்யும். ஆகவே ஒரு விரலின் நாணை எடுத்தார்கள். அதை நான்காகப் பிளந்து, நான்கு விரல்களிலும் தைத்தார்கள். சுமார் மூன்று வாரம் மாவுக்கட்டு. பிறகு பயிற்சி. விரல்கள் நிமிர்ந்தன!

ஆனால் புதிய தொல்லை முளைத்தது. கை நேரானவர்களுக்குப் பிச்சை விழவில்லை. வேலை கொடுப்பாரும் இல்லை. ஆகவே வேலூரில் 'நவஜீவ நிலையம்' அமைத்து, தச்சு வேலையும் பொம்மை செய்யவும் கற்றுக் கொடுத்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

தொழுநோய்க்கு இன்று அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். 6 அல்லது 12 மாதம் சாப்பிட்டால் குணமாகும். உடம்பில் உணர்ச்சியற்ற வெளிறிய படை தெரிந்தால், மறைக்காதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். விரல் மடங்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

மடங்கிய விரலை நிமிர்த்துவது டாக்டரின் கையில். குணமானவருக்கு வேலை கொடுப்பதோ நம் கையில்!