மணலும் சேறும் தடையல்ல

நிலாவெளி மணலிற் சக்கரம் புதைய, மோட்டார் சைக்கிளை இறங்கித் தள்ளியவர் நம்மிடையே பலர். மணலிலும் சேற்றிலும் ஓடும் மூன்று சக்கர ஊர்தியொன்றை யப்பானின் ஹொண்டா நிறுவனம் 1970ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தது. குறைந்த காற்றழுத்தமுள்ள பருத்த டயர்கள் பாரத்தை அகன்ற பரப்பிலே தாங்கின. ஆதலால் சக்கரம் எளிதிற் புதையவில்லை.

அந்நிறுவனத்தை 1948இல் தோற்றுவித்த சொயிச்சிரோ ஹொண்டா, 1922இல், தமது 15ஆம் வயதில், டோக்கியோவில் ஒரு வாகனத் திருத்தகத்திற் பயிலுநராகச் சேர்ந்தார். முதலிற் கிடைத்த பணி யாது? முதலாளியின் குழந்தையைப் பார்த்துக்கொள்வது! மனம் நொந்தாலும் அவர் விலகவில்லை. பின்னரே கருவிகள் கைக்கு வந்தன. 1928இல் ஹமமட்சு நகரில் அத்திருத்தகத்தின் கிளையைத் தாமே நடத்தலானார்.

“மகன் கையில் எண்ணெய்க்கறை படியவா படிக்கவைத்தேன்?” என்று தந்தையார் ஒருவர் என்னிடம் வருந்தினார். அன்னாருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். 16 வயதுவரை பள்ளிக்கல்வியை விடவேண்டாம். பொறியின் விளக்கநூலைப் படிக்கவும் கணக்கு வைக்கவும் அக்கல்வியே துணை. அதன்பின் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையின் வழியாகத் தொழில் பயிலலாம். தம்பலகாமத்து வயல்களிலும் கிண்ணியாவிலும் ஓடும் உழவு இயந்திரங்களே நம் பிள்ளைகளுக்கு முதற் பாடநூல். அவற்றைச் செப்பமாகத் திருத்தக் கற்றவனுக்கு, நாளை எவ்வகைப் புதிய ஊர்தி வந்தாலும் அச்சமில்லை. விற்பனையும் சொந்தத் தொழிலும் அப்பயிற்சியின்பின் வரவேண்டியவை, முன்னரன்று.