ஆற்றங்கரைக்குப் போன ராட்டை

1760களில் இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாளர்களுக்குத் தீராத தலைவலி நூல் பஞ்சம். ஜான் கே 1733இல் செய்த பறக்கும் நாடா தறியை முடுக்கிவிட்டது. ராட்டை பழைய வேகத்திலேயே சுற்றியது. ஒரு தறிக்குத் தீனி போட மூன்று நான்கு பேர் நூற்க வேண்டும். அந்தப் பருத்தி நூலும் தறியில் நீளவாட்டில் ஓடும் பாவுக்குத் தாங்காது, இழுத்துக் கட்டினால் அறுந்துவிடும். அதனால் பாவுக்கு லினன், குறுக்கே ஓடும் ஊடைக்கு மட்டும் பருத்தி. பாவும் ஊடையும் பருத்தியாக நெய்த துணி நம் சோழமண்டலக் கரை போன்ற இடங்களிலிருந்து கப்பலேறிப் போனதுதான்.

ஜேம்ஸ் ஹார்க்ரீவ்ஸின் ஜென்னி ஒரே ஆளை எட்டுக் கதிர் ஓட்ட வைத்தது. வீட்டு மூலையில் அடங்கும் இயந்திரம். ஆனால் அதன் நூலும் ஊடைக்குத்தான் ஆயிற்று. பாவு நூலுக்கு வழி செய்தவர் ரிச்சர்ட் ஆர்க்ரைட். அடிப்படையில் முடிதிருத்துபவர், விக் வியாபாரி. 1769இல் தன் நூற்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். யோசனை அவருடையதுதானா என்று பிறகு வழக்காகி, 1775இல் அவர் வாங்கிய இன்னொரு காப்புரிமை 1785இல் ரத்தானது தனிக்கதை.

இயந்திரத்தின் உயிர் உருளைகளில் இருக்கிறது. கீழே வரிப்பள்ளமிட்ட உருளை, மேலே தோல் போர்த்திய உருளை. இப்படிச் சில ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் முந்தியதைவிட வேகமாகச் சுழல்வதால், நடுவில் மாட்டும் பஞ்சுத்திரி இழுபட்டு மெலியும். ஜோடிகளுக்கு இடையே உள்ள தூரம் பஞ்சிழையின் நீளத்தைவிடச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் இழை அறுபடும், மிகுந்தால் நூல் ஓரிடம் பருத்து ஓரிடம் இளைக்கும். மெலிந்த திரிக்குக் கதிர் முறுக்கேற்றும். ராட்டைக்காரியின் விரல் பல வருடப் பழக்கத்தில் செய்ததை உருளைகள் செய்துவிட்டன. கோவை மில்களின் ரிங் பிரேமிலும் திரியை மெலிய வைப்பது இதே தத்துவம்தான்.

ஆனால் ஆர்க்ரைட்டின் இயந்திரத்தை ஓட்ட ஆறு வேண்டும். 1771இல் டெர்பிஷயரின் கிராம்ஃபோர்டில் தண்ணீர்ச் சக்கரத்தோடு ஆலை எழுந்தது. வேலை வீட்டுக்கு வந்த காலம் போய், ஆட்கள் வேலையைத் தேடிப் போனார்கள். இரவு பகலாக 12 மணி நேர ஷிப்டு. நூற்றவர்களில் பெரும்பாலோர் பெண்களும் சிறுவர்களும். பிள்ளைகள் நிறைய உள்ள நெசவுக் குடும்பங்கள் என்றால் ஆர்க்ரைட்டுக்கு இரட்டிப்பு லாபம். அவர்களுக்காக அவர் கட்டிய நார்த் ஸ்ட்ரீட் வீடுகளில் மாடியில் தறி போட இடம் இருந்தது: மனைவியும் மக்களும் ஆலையில், கணவன் மாடியில்.

ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பஞ்சாலையில் வைக்கக்கூடாது என்ற சட்டம் 1819இல்தான் வந்தது. அதற்குள் நீராவி எஞ்சின் பல ஆலைகளை ஆற்றங்கரையிலிருந்து மான்செஸ்டருக்கு இழுத்துப் போயிருந்தது.