சரீரத்தின் முதல் காவல்



வேதாரண்யம் என்றதும் நம் நினைவுக்கு வருவது உப்பு. 1930 ஏப்ரலில் ராஜாஜி தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து நடந்து வந்து, சட்டத்தை மீறி உப்பு அள்ளியது அங்கேதான். இன்றும் அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு பகுதிகளில் ஆண்களும் பெண்களும் கொளுத்தும் வெயிலில் பாத்திகளில் இறங்கி உப்பு வாருகிறார்கள்.

“உப்பில் கிருமி வாழாது என்கிறார்களே, கருவாடு கெடாமல் இருப்பதும் அதனால்தானே? அப்படியிருக்க, உப்பளத் தொழிலாளியின் காலில் சீழ்ப்புண் வருவானேன்?” என்று நீங்கள் கேட்கலாம். இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், நம் சரீரத்தின் முதல் காவலைப் பற்றி அறிய வேண்டும்.

அந்தக் காவல் நமது தோல்தான். அதன் மேலடுக்கு உயிரற்ற செல்களால் ஆனது. செங்கலை அடுக்கிச் சுண்ணாம்பு பூசியது போல, செல்களுக்கு இடையே கொழுப்பு நிறைந்திருக்கிறது. சுமார் நான்கு வாரங்களில் மேல்தோல் புதிதாகிறது. உதிரும் செல்களோடு கிருமிகளும் உதிர்ந்து போகின்றன. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் தோலின் மேல் இலேசான புளிப்புத்தன்மையைக் காக்கின்றன. அங்கே குடியிருக்கும் தீங்கற்ற நுண்ணுயிர்கள் அந்நியக் கிருமிகளுக்கு இடம் கொடுப்பதில்லை.

மற்ற வாசல்களுக்கும் காவல் உண்டு. மூக்கின் சளி தூசியையும் கிருமியையும் பிடித்துக்கொள்ளும். மூச்சுக்குழாயின் நுண்ணிய மயிரிழைகள் அவற்றை மேலே தள்ளிவிடும். கண்ணீரில் கிருமியின் சுவரை உடைக்கும் லைசோசைம் என்ற பொருள் இருப்பதை 1922-ல் அலெக்சாண்டர் பிளெமிங் எடுத்துக்காட்டினார். உணவோடு போகும் கிருமிகளில் பெரும்பாலானவற்றை வயிற்றின் அமிலம் அழிக்கிறது. கால்நடைகளுக்கும் இப்படியே. கறந்த பிறகு பசுவின் காம்புத் துவாரம் மூடச் சற்று நேரமாகும். உடனே அது தரையில் படுத்தால் கிருமி உள்ளே ஏறி மடிநோய் வரலாம். கறந்தவுடன் தீவனம் வைத்து அதை நிற்கச் செய்வது இதனால்தான்.

இனி உப்பளத்துக்கு வருவோம். மீனிலிருந்து நீரை உறிஞ்சுவது போலவே, கெட்டியான உப்புநீர் தோலின் ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. காய்ந்த தோல் வெடிக்கிறது. கூரான உப்புப் பரல்கள் கீறுகின்றன. வயல் வரப்பில் ஒரு நண்டுவளை போதாதா, தண்ணீரெல்லாம் வடிந்துபோக? சீழ் உண்டாக்கும் கிருமிகளில் முக்கியமான ஸ்டாபிலோகாக்கஸ் உப்பைத் தாங்கி வாழக்கூடியது. ஆரோக்கியமுள்ள பலருடைய மூக்கிலும் தோலிலுமே அது இருக்கிறது. வெடிப்பு ஏற்பட்டதும் அதுவே உள்ளே நுழைகிறது. மண்ணில் கிடக்கும் ரணஜன்னி வித்துக்களுக்கும் அது வாசலாகலாம்.

வயற்காட்டிலோ நிலைமை நேர் எதிரானது. நெடுநேரம் சேற்றில் நின்றால் தோல் ஊறி, விரலிடுக்குகளில் சேற்றுப்புண் உண்டாகிறது. யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கு இது பெரிய ஆபத்து. அந்தப் புண் வழியே கிருமி புகுந்து, காய்ச்சல் வந்து வந்து, கால் மேலும் வீங்கும். தினமும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தாலே இக்காய்ச்சல் வெகுவாகக் குறைகிறது.

இந்தக் காவலுக்கு ஒரு மணியும் உண்டு. அதுதான் வலி. கொல்லிமலையில் 1914-ல் பிறந்து, 1946-ல் வேலூருக்குப் பணிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் இதைத் தெளிவாகக் காட்டினார். தொழுநோயாளியின் விரல்கள் நோயினால் அழுகி விழுவதில்லை. உணர்ச்சி மரத்துப்போவதால், பட்ட காயம் தெரியாமல் புண்ணாகி அழிகின்றன என்றார். நீண்டநாள் சர்க்கரை வியாதியால் கால் மரத்தவர்களுக்கும் இதே ஆபத்துதான்.

ஆகவே, உப்பளத்திலோ வயலிலோ உழைப்பவர்கள் மாலையில் நல்ல தண்ணீரில் சோப்பிட்டுக் கால் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, வெடிப்பில் தேங்காயெண்ணெய் தடவட்டும். கூடுமானவரை காலுறை பூட்ஸ் அணியட்டும். ரணஜன்னித் தடுப்பூசியைத் தவறவிட வேண்டாம். கால் மரத்தவர்கள் தினமும் பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்களுக்கு வீட்டார் பார்த்துச் சொல்லலாம். சிவந்து, வீங்கி, காய்ச்சல் கண்டால் கைவைத்தியத்தில் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் வர வேண்டும்.

அடுத்த முறை உப்பைக் கையில் எடுக்கும்போது, அதை வாரிய பாதங்களையும் நினைத்துக்கொள்வோம்.