பட்டமும் கடனும்: ஒரு வீட்டுக் கணக்கு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. கணித மாணவர் ஒருவர்)

கல்வி கண் போன்றது என்று மேடைதோறும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கண்ணின் விலை என்ன, அதை எத்தனை ஆண்டுகளில் கட்டி முடிப்பது என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை. சென்ற மே மாதம் ராயகிரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அந்தக் கேள்வி எழுந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அடுத்து ஏறக் காத்திருந்தவள் என் தங்கை. அவள் விரும்பியது பி.ஏ. ஆங்கிலம்; அதுவும் வெளியூரில், விடுதியுடன் கூடிய ஒரு தனியார் கல்லூரியில்.

அம்மா பீடி சுற்றுகிறார். அப்பா புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் மூட்டை தூக்குகிறார். கட்டணமும் விடுதியும் சேர்த்து ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் என்றார்கள். "ஏல, நீ கணக்குதானே படிக்க? கடன் வாங்குனா எப்ப அடையும்னு ஒரு கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார் அப்பா. அன்றிரவு நான் போட்ட கணக்கே இக்கட்டுரை. இதே கேள்வி வேறு பல வீடுகளிலும் இருக்கும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின்படி 4 லட்சம் ரூபாய் வரை சொத்து எதையும் ஈடு காட்ட வேண்டியதில்லை. பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திட்டால் போதும். படிக்கும் காலத்திலும், முடித்தபின் ஓராண்டு வரையிலும் தவணை கட்ட வேண்டியதில்லை. இதைக் கேட்டதும் எங்கள் வீட்டில் எல்லோர் முகமும் மலர்ந்தது. ஆனால் விடுமுறை தவணைக்குத்தான், வட்டிக்கு இல்லை.

கணக்கு எளிதாக இருக்க வட்டி 10 விழுக்காடு என்று கொள்வோம். முதலாண்டில் வாங்கும் ஒரு லட்சத்துக்கு 4 ஆண்டுத் தனிவட்டி 40,000 ரூபாய். இரண்டாம் லட்சத்துக்கு 3 ஆண்டு வட்டி 30,000. மூன்றாம் லட்சத்துக்கு 2 ஆண்டு வட்டி 20,000. ஆக, முதல் தவணை கட்டும் முன்னரே 3 லட்சம் 3,90,000 ஆகிவிடுகிறது. இதைப் பத்தாண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 5,154 ரூபாய். கட்டும் மொத்தத் தொகை 6,18,000 ரூபாய்க்கும் மேல். பதினைந்து ஆண்டுகளாக நீட்டினால் தவணை 4,191 ஆகக் குறையும். மொத்தமோ 7,54,000 ஆக ஏறும். தவணை இளைத்தால் கடன் கொழுக்கும் என்பதே இதன் சூத்திரம்.

வட்டி மானியம் கிடைக்குமா என்று பார்த்தேன். 2009இல் தொடங்கிய மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் தொழிற்கல்விக்கும் தொழில்நுட்பக் கல்விக்கும் வகுக்கப்பட்டது, பி.ஏ.வுக்கு அன்று.

இனி வரவைப் பார்ப்போம். எங்கள் தெருவில் ஆங்கிலம் படித்து முடித்த அக்கா ஒருவர் தனியார் பள்ளியில் மாதம் 9,000 ரூபாய்க்கு வேலை பார்க்கிறார். அவர் இந்தத் தவணையைக் கட்டினால் கையில் மிஞ்சுவது 3,846 ரூபாய். இங்கிலாந்தில் மாணவர் கடனுக்கு வேறு முறை. அங்கே ஆண்டு வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான், தாண்டிய தொகையில் 9 விழுக்காட்டைப் பிடிக்கிறார்கள். அங்கே கடன் சம்பளத்தைப் பார்த்து வருகிறது. இங்கே நாட்காட்டியைப் பார்த்து வருகிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு, "ஆங்கிலம் வேண்டாம்" என்று முடிவு சொன்னேன். தங்கை தாளைப் படித்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணே, கணக்கு படிச்சவனுக்கு மட்டும் வீட்டு வாசல்ல வந்து வேலை குடுக்காங்களா?"

என்னிடம் விடை இல்லை. கணக்கை மறுபடியும் பார்த்தேன். அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய். ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் அதே தொகைதான். அதற்குப் பட்டத்தின் மேல் இரண்டாண்டு பி.எட்., தகுதித் தேர்வு, போட்டித் தேர்வு எல்லாம் இருவருக்கும் பொது. தொகுதி 4 தேர்வு எழுதி இளநிலை உதவியாளர் ஆனால் தொடக்க அடிப்படை ஊதியம் 19,500. அதற்குக் கேட்கும் கல்வித் தகுதி பத்தாம் வகுப்புதான். அப்படியானால் நான் பழியைத் தவறான இடத்தில் போட்டிருக்கிறேன். கடனைக் கொண்டு வந்தது ஆங்கிலம் அன்று, படிக்கும் இடம். வருமானத்தைத் தீர்மானிப்பதும் பாடம் மட்டும் அன்று. பட்டத்துக்குப் பின் நாம் தாக்குப்பிடிக்கும் இரண்டு மூன்று ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் தலைமேல் தவணை இருந்தால், தேர்வுக்குப் படிக்க முடியாமல் கிடைத்த வேலையில் ஒட்டிக்கொள்ள நேரும். கல்விக் கடனின் உண்மையான வட்டி அதுதான்.

அதே பி.ஏ. ஆங்கிலம் நம்மைப் போன்ற அரசு கலைக் கல்லூரியில் இருக்கிறது. இங்கே இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் இல்லை. தங்கை ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கு உரியவள். மூன்றாண்டில் அது 36,000 ரூபாய். அதை அஞ்சலகத்தில் சேர்த்தால் பி.எட். படிக்கும்போது கை கொடுக்கும்.

தங்கை இந்த ஆண்டு நம் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். அவள் இழந்தது ஒன்றுமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆங்கிலத்திலேயே பேசிப் பழகும் சூழல், நகரம், விடுதித் தோழியர் ஆகியவற்றுக்கு என் கணக்கில் இடமில்லை. வெளியூர்க் கல்லூரியின் விளம்பரத் தாளை அவள் இன்னும் நோட்டுக்குள் வைத்திருக்கிறாள். நான் பார்த்தும் பாராததுபோல் இருக்கிறேன்.

தம்பி தங்கையரைக் கல்லூரியில் சேர்க்கவிருக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். கையெழுத்துக்கு முன் மூன்றைக் கேளுங்கள்: தவணை தொடங்கும் நாளில் கடன் எவ்வளவு ஆகியிருக்கும்? அதே பட்டம் கடனின்றி அருகில் கிடைக்குமா? பட்டத்துக்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு மிச்சம் என்ன? இவற்றுக்கு விடை கண்டபின், எந்தப் பாடம் என்பதைப் படிக்கப் போகிறவரே முடிவு செய்யட்டும்.