பூந்தமல்லிக்கு 20 மாதம் எம்.எல்.ஏ.வே இல்லை... உங்கள் எம்.எல்.ஏ.வின் உண்மையான வேலை என்ன?

ராத்திரி முழுக்க மழை. காலையில் அம்பத்தூரில் தெரு முனையில் முழங்கால் அளவு தண்ணீர். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் முதல் மெசேஜ், ‘எம்.எல்.ஏ. எங்கப்பா?’ ஆவடியில் தெருவிளக்கு எரியலைன்னாலும் இதே கேள்விதான். பூந்தமல்லி பக்கம் குப்பை வண்டி வரலைன்னாலும் இதேதான்.

ஆனால் இந்த மூன்று வேலையும் நேரடியாக எம்.எல்.ஏ.வின் பொறுப்பில் வராது. அப்போ அவருடைய வேலைதான் என்ன? அவர் இல்லாமல் போனால் நமக்கு என்ன நஷ்டம்? இதற்கு ஒரு நிஜ உதாரணம் நம்ம ஏரியாவிலேயே இருக்கிறது.

பூந்தமல்லியில் என்ன நடந்தது?

2016 தேர்தலில் பூந்தமல்லி (தனி) தொகுதியில் அ.தி.மு.க.வின் டி.ஏ.ஏழுமலை வென்றார். ஜெயலலிதா மறைவுக்குப் பிறகு கட்சிக்குள் பிளவு. 2017 ஆகஸ்ட் மாதம், டி.டி.வி.தினகரன் ஆதரவு எம்.எல்.ஏ.க்கள் 19 பேர் ஆளுநரைச் சந்தித்து, முதல்வர் எடப்பாடி பழனிசாமி மீது நம்பிக்கை இல்லை எனக் கடிதம் கொடுத்தார்கள். ஏழுமலையும் அதில் ஒருவர்.

பின்னர் ஒருவர் மட்டும் மனம் மாறிவிட்டார். மீதி 18 பேரையும் 2017 செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் ப.தனபால் தகுதி நீக்கம் செய்தார். அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணை, அதாவது 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம்தான் அதற்கு அடிப்படை. வேறு கட்சியில் சேர்ந்தால் மட்டும்தான் பதவி போகும் என்று பலர் நினைக்கிறோம். ‘தானாகவே கட்சி உறுப்பினர் பதவியைத் துறந்தவர்’ என்று நடத்தையை வைத்து சபாநாயகர் முடிவு செய்தாலும் பதவி போகும். கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலும் போகும்.

பொதுவாக ஓர் இடம் காலியானால் 6 மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். ஆனால் விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இடைத்தேர்தலுக்குத் தடை வந்தது. 2018 ஜூனில் இரண்டு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு சொன்னார்கள். மூன்றாவது நீதிபதி எம்.சத்தியநாராயணன், தகுதி நீக்கம் செல்லும் என்று 2018 அக்டோபர் 25 அன்று தீர்ப்பளித்தார். 2019 ஏப்ரல் 18-ல் நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து இடைத்தேர்தல் நடந்தது. மே 23-ல் முடிவு வந்தபோது தி.மு.க.வின் ஆ.கிருஷ்ணசாமி வென்றிருந்தார்.

கணக்குப் போட்டால் 20 மாதம். அந்த இடைவெளியில் 2018, 2019 என்று இரண்டு பட்ஜெட் தாக்கலாகின. அந்த விவாதங்களில் பூந்தமல்லி சார்பில் பேசவோ ஓட்டுப் போடவோ ஆள் இல்லை. சண்டை கட்சிக்குள். சட்டப்பேரவையில் குரல் இழந்ததோ, அதில் சம்பந்தமே இல்லாத வாக்காளர்கள்.

சரி, பேரவைக்குள் என்ன வேலை?

சட்டம் இயற்றுவது முதல் வேலை. அதைவிட நம்ம தினசரி வாழ்க்கைக்கு நெருக்கமான வேலைகளும் உண்டு.

*கேள்வி கேட்பது:* கேள்வி நேரத்தில் துறை அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும். ‘சி.டி.எச். சாலை அகலப்படுத்தும் பணி எப்போது முடியும்?’ என்று கேட்டு பதில் வாங்கினால், அது பேரவைக் குறிப்பில் ஏறிவிடும். பிறகு யாரும் ‘அப்படிச் சொல்லலையே’ என்று மழுப்ப முடியாது.

*பணத்துக்கு ஒப்புதல் தருவது:* ஒவ்வொரு துறையும் செலவு செய்யும் தொகை, மானியக் கோரிக்கையாகப் பேரவைக்கு வரும். எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போட்டால்தான் நிறைவேறும். எதிர்ப்பைப் பதிவு செய்ய வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம்.

*குழுக்களில் உட்காருவது:* டிவியில் வராத, ஆனால் முக்கியமான வேலை இது. அரசின் செலவுக் கணக்கைத் தோண்டுவது பொதுக் கணக்குக் குழு. ‘செய்து தருகிறோம்’ என்று அமைச்சர் பேரவையில் சொன்னது நடந்ததா என்று பின்தொடர்வது உறுதிமொழிக் குழு. பொதுமக்களின் மனுக்களைப் பரிசீலிக்க மனுக்கள் குழு இருக்கிறது. நீங்களே அதற்கு மனு அனுப்பலாம்.

இன்னொரு விஷயம். அனுமதி இல்லாமல் 60 நாட்கள் தொடர்ந்து பேரவைக் கூட்டங்களுக்கு வராத உறுப்பினரின் இடத்தைக் காலியானதாக அறிவிக்கவும் அரசியல் சாசனத்தில் வழி இருக்கிறது.

நம்ம எம்.எல்.ஏ. அமைச்சரானால் லாபம்தானே?

பாதி லாபம். ஆவடியைப் பாருங்கள். 2016-ல் க.பாண்டியராஜன் இங்கே 1,500-க்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து, அமைச்சரும் ஆனார். 2021-ல் ஜெயித்த சா.மு.நாசரும் அமைச்சரானார். அமைச்சரவையில் தொகுதிக்கு ஆள் இருப்பது பலம்தான். 2019-ல் ஆவடி நகராட்சி, மாநகராட்சியாகத் தரம் உயர்ந்ததும் தொகுதி எம்.எல்.ஏ. அமைச்சராக இருந்த காலத்தில்தான்.

ஆனால் அமைச்சர் கேள்வி நேரத்தில் பதில் சொல்லும் பக்கம் உட்காருபவர். எழுந்து நின்று அரசைக் கேள்வி கேட்க மாட்டார். தொகுதிப் பிரச்சினையை அவர் உள்ளே பேசி முடித்திருக்கலாம், முடிக்காமலும் இருக்கலாம். பேரவைக் குறிப்பைப் புரட்டினால் நமக்குத் தெரியாது.

எம்.எல்.ஏ. நிதி எவ்வளவு?

தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். பெரிய தொகையாகத் தெரியும். ஆவடி தொகுதியில் வாக்காளர்கள் 4 லட்சத்துக்கும் மேல். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 75 ரூபாய்கூட வராது. ஒரு பிளேட் பிரியாணிக்கே பத்தாது.

அந்தப் பணமும் அவர் கைக்கு வராது. பள்ளிக்கு வகுப்பறை, ரேஷன் கடைக் கட்டடம், குடிநீர்த் தொட்டி என்று பணிகளை அவர் பரிந்துரைப்பார். ஒப்புதலும் டெண்டரும் பில்லும் அதிகாரிகள் கையில். ஏரி சீரமைப்பு, பாலம், பெரிய கால்வாய் மாதிரி வேலைகளுக்கு இந்த நிதி போதாது. அதற்குத் துறை பட்ஜெட்தான் வழி. 2022-ல் ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ திட்டத்துக்காக 234 எம்.எல்.ஏ.க்களிடமும் நீண்டநாள் கோரிக்கைகளில் முக்கியமான 10-ஐப் பட்டியலிட்டு கலெக்டரிடம் கொடுக்கச் சொன்னார் முதல்வர் மு.க.ஸ்டாலின். உங்கள் தொகுதிப் பட்டியலில் என்ன இருந்தது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அப்போ எந்தப் பிரச்சினைக்கு யாரிடம் போகணும்?

* குப்பை, தெருவிளக்கு, உட்புறச் சாலை, மழைநீர் வடிகால்: வார்டு கவுன்சிலர். அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் 7-வது மண்டலம். புகார் எண் 1913. ஆவடிக்குத் தனி மாநகராட்சி, 48 வார்டுகள். பூந்தமல்லி, நகராட்சி.
* மின்சாரம்: மின்னகம், 94987 94987.
* புறநகர் ரயில், ரயில் நிலையம், பாதுகாப்புத் துறை நிலம்: எம்.பி. அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதியில் வருகிறது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் தொகுதியில்.
* அரசுப் பள்ளி, அரசு மருத்துவமனை, பட்டா, ஏரி, மாநில நெடுஞ்சாலை: மாநில அரசுத் துறைகள். இங்கேதான் எம்.எல்.ஏ.வின் கேள்விக்கு எடை அதிகம். முதல்வரின் உதவி எண் 1100-லும் புகார் செய்யலாம்.

சில விஷயங்களில் எல்லாம் கலந்திருக்கும். கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி மெட்ரோ பாதை, மத்திய, மாநில அரசுகள் சமபங்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் திட்டம். கொரட்டூர், அம்பத்தூர் ஏரிகளில் கழிவுநீர் கலப்பது தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம். இதில் மாநகராட்சி, குடிநீர் வாரியம், நீர்வளத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எல்லாருக்கும் பங்கு இருக்கிறது. ‘அது எங்க வேலை இல்லை’ என்று ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டும்போது, எல்லாரையும் ஒரே மேஜைக்கு இழுத்துவர எம்.எல்.ஏ.வால் முடியும்.

வேற எங்கயாவது வேற மாதிரி இருக்கா?

இருக்கு. கனடாவின் வடக்கே வடமேற்குப் பிரதேசங்கள் என்று ஒரு பகுதி. 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 41 ஆயிரம். சட்டமன்றத்தில் 19 உறுப்பினர்கள். அதாவது சுமார் 2,200 பேருக்கு ஒருவர். அங்கே சட்டமன்றத்தில் கட்சியே கிடையாது. எல்லாரும் சுயேச்சையாக ஜெயித்து வந்து, தங்களுக்குள் ஓட்டுப் போட்டு முதல்வரையும் அமைச்சர்களையும் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சி இல்லாததால் கொறடாவும் இல்லை. கட்சிச் சண்டையில் ஓர் ஊர் தன் உறுப்பினரை இழக்கும் பேச்சுக்கே இடமில்லை.

நாலு லட்சம் வாக்காளர் உள்ள ஆவடிக்கு அந்த முறை அப்படியே பொருந்தாது. உறுப்பினர் யாருக்குக் கட்டுப்பட்டவர், கட்சிக்கா தொகுதிக்கா என்ற கேள்வி மட்டும் இங்கேயும் பொருந்தும்.

நாம் செய்யக்கூடியது என்ன?

பேரவை நடவடிக்கைக் குறிப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன. உங்கள் தொகுதிப் பெயரைத் தேடுங்கள். எம்.எல்.ஏ. என்ன கேட்டார், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்று பாருங்கள். மேம்பாட்டு நிதி எங்கே செலவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அடுத்த கூட்டத்தொடருக்கு முன்னால், உங்கள் குடியிருப்போர் சங்கம் ஒரே ஒரு கேள்வியை எழுதி எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கொடுத்து, ‘இதைப் பேரவையில் கேளுங்க சார்’ என்று சொல்லலாம்.

தெருவிளக்குக்கு 1913-ஐக் கூப்பிட்டால் போதும். அந்தக் கேள்வியைக் கேட்க எம்.எல்.ஏ.வை விட்டால் வேறு ஆள் கிடையாது. பூந்தமல்லிக்கு 20 மாதம் அந்த ஆள்தான் இல்லாமல் போனார்.