குழாய்க்குள் இரண்டு அங்குலத் தண்ணீர்

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தை அடுத்த புதுநகரில் ஒரு மூதாட்டி காலையில் கழிவறைக்குப் போனார், மயங்கி விழுந்தார். காப்பாற்ற ஓடிய மகளும் அங்கேயே சரிந்தார். அருகிலிருந்த இன்னொரு வீட்டில் பதினைந்து வயதுப் பள்ளி மாணவி ஒருத்தியும் அதே காற்றுக்கு இரையானாள். மூவரையும் காப்பாற்ற முடியவில்லை. மேலும் சிலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பாதாளச் சாக்கடையில் உருவான விஷவாயு, கழிவறைக் குழாய் வழியாக வீட்டுக்குள் ஏறியிருந்தது.

சாக்கடை வாயுவால் மரணம் என்ற செய்தி நம் நாட்டில் புதிதில்லை. மலக்குழிக்குள் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013-இல் தனிச் சட்டமே வந்தது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஆனாலும் சாவு நிற்கவில்லை. புதுநகரில் நடந்தது அதிலிருந்தும் வேறுபட்டது. அங்கே யாரும் குழிக்குள் இறங்கவில்லை. தங்கள் வீட்டுக் கழிவறைக் கதவைத் திறந்தார்கள், அவ்வளவுதான்.

பாதாளச் சாக்கடையில் கழிவுநீர் ஓடிக்கொண்டே இருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. அது தேங்கினால் அடியில் சகதி படியும். காற்று புகாத அந்தச் சகதியில் வாழும் பாக்டீரியாக்கள் கழிவிலுள்ள கந்தகச் சேர்மங்களைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவை உண்டாக்கும். நம் ஊர் வெயில் அந்த வேலையை இன்னும் வேகப்படுத்தும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. அதனால் பள்ளத்திலும் குழிக்குள்ளும் மூடிய சிறு அறையின் தரைமட்டத்திலும் தங்கி நிற்கும்.

அழுகிய முட்டையின் நாற்றம்தான் இதன் அடையாளம். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும். இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். பத்து லட்சத்துக்கு நூறு பங்கு அளவை எட்டும்போது இதே வாயு மோப்ப நரம்பை மரத்துப்போக வைக்கிறது. நாற்றம் நின்றுவிட்டதுபோல் தோன்றும். ஐந்நூறு, ஆயிரம் என்று ஏறினால் சில மூச்சுகளிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தாலும் உடலின் செல்கள் அதைப் பயன்படுத்த முடியாதபடி இந்த வாயு தடுத்துவிடுகிறது. ஓடி வெளியேறலாம் என்று நினைக்கக்கூட நேரம் இருக்காது.

இவ்வளவு கொடிய வாயு பாதாளச் சாக்கடை உள்ள எல்லா நகரங்களிலும் தெருவுக்கடியில் இருக்கிறது. அப்படியிருந்தும் கோடிக்கணக்கான வீடுகளில் அது நுழையாமல் இருப்பதற்கு ஒரு கைப்பிடித் தண்ணீர்தான் காரணம்.

கழிப்பறைக் கோப்பைக்குக் கீழே குழாய் நேராக இறங்குவதில்லை; ஒருமுறை வளைந்து, மேலே ஏறி, பிறகுதான் இறங்கும். அந்த வளைவில் ஏறத்தாழ இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் நிற்கும். கழிவு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விடும்; வாயு தண்ணீரைத் தாண்டி உள்ளே வர முடியாது. 1775-இல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி இந்த வளைவுக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டரை நூற்றாண்டாக இதைவிட மலிவான, இதைவிட நம்பகமான பாதுகாப்பை யாரும் கண்டுபிடிக்கவில்லை. நம் பிளம்பர்கள் இதை ‘ட்ராப்’ என்பார்கள். குளியலறைத் தரையில் சல்லடை மூடிக்கு அடியில் இருப்பது நாணி ட்ராப். வீட்டுக்கு வெளியே, தெருக் குழாயில் சேருமுன் இன்னொரு தடுப்பும் வைக்க வேண்டும். கூடவே, குழாயில் சேரும் வாயு மொட்டைமாடிக்கு மேல் போய்க் கலைய ஒரு காற்றுக்குழாய். மூன்றும் சேர்ந்ததுதான் முழு ஏற்பாடு.

புதுநகர் சாவுகளுக்குப் பிறகு அதிகம் பேசப்பட்டது இந்தத் தடுப்பு பற்றித்தான். பழைய கழிவறைகள் பல, இடையில் எந்தத் தடுப்பும் இல்லாமல் பாதாளச் சாக்கடையோடு நேரே இணைக்கப்பட்டிருந்தன. செப்டிக் டேங்க் காலத்தில் கட்டிய வீட்டுக்குப் பிறகு பாதாளச் சாக்கடை வரும்போது இப்படி நேர்வது எளிது. தெருக் குழாய் அரசின் பொறுப்பு, வீட்டுக் குழாய் வீட்டுக்காரர் பொறுப்பு. இரண்டும் சேரும் அந்த ஓரடி நீளத்தை யார் பார்ப்பது என்பதில்தான் உயிர் தொங்குகிறது. துர்நாற்றம் பற்றி முன்பே புகார் சொன்னதாக அப்பகுதி மக்கள் வேதனையோடு கூறினார்கள். நாற்றம் என்பது அங்கே சுகாதாரக் குறைபாடாகப் பதிவாகியிருக்கும். அதை உயிராபத்தின் முன்னறிவிப்பாகப் படிக்கும் கண் தேவைப்பட்டது.

அந்தக் கண்ணைப் பயிற்றுவிக்கும் முறைக்குத்தான் துறைசார்ந்தவர்கள் ‘இடர் மதிப்பீடு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்க வேண்டியவை நேரடியான கேள்விகள்: என்ன கெடுதல் நேரலாம்? எவ்வளவு எளிதாக நேரலாம்? நேர்ந்தால் யாருக்கு, எவ்வளவு? குழாய்க்குள் அடைபட்ட வாயு எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆனால் தடுப்பில்லாத இணைப்பு, சன்னலில்லாத சிறு கழிவறை, குனிந்து உட்காரும் மூதாட்டி, பக்கத்திலேயே அடைத்துக்கொண்ட ஆள்நுழை குழி என்று ஒவ்வொன்றாகச் சேரும்போது ஒரு தெருவின் ஆபத்து அடுத்த தெருவைப்போல் பத்து மடங்காகிவிடலாம். எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்று இந்தக் கணக்குதான் பொறியாளருக்குச் சொல்லும்.

அடுத்து, என்ன செய்வது என்பதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் ஆபத்தை மூலத்திலேயே குறைக்க வேண்டும். கழிவுநீர் வினாடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடும்படி குழாய்க்குச் சரிவு கொடுத்தால் சகதி படியாது, வாயுவும் குறையும். பிறகு, மனிதரின் கவனத்தை நம்பாத தடுப்புகள்: ட்ராப், காற்றுக்குழாய். அதற்குப் பிறகுதான் விதிகள், பயிற்சி, எச்சரிக்கைப் பலகை. கடைசியில்தான் முகக்கவசமும் கையுறையும். நம் நாட்டில் பெரும்பாலும் வரிசையைக் கடைசியிலிருந்து தொடங்குகிறோம். தொழிலாளிக்குக் கையுறை கொடுத்துப் புகைப்படம் எடுத்தால் பாதுகாப்பு முடிந்துவிட்டதாகக் கோப்பு மூடப்படுகிறது.

தாயைக் காப்பாற்றப் போன மகள் இறந்ததும் தற்செயல் இல்லை. மூடிய இடங்களில் நேரும் சாவுகளில் பாதிக்கும் மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-லேயே எச்சரித்தது. கழிவறையிலோ குழியிலோ ஒருவர் காரணமின்றிச் சரிந்து கிடந்தால், உள்ளே தாவுகிறவருக்கும் அதே காற்றுதான் காத்திருக்கிறது. கதவையும் சன்னலையும் வெளியிலிருந்தே திறந்துவிட்டு, அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு, 112-க்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்ல வேண்டும். பெற்ற தாய் கண்ணெதிரே கிடக்கும்போது இதைச் சொல்வது கொடுமை. அதனால்தான் முன்கூட்டியே, பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆபத்தை முன்கூட்டியே மதிப்பிட்டு மூலத்திலேயே தடுக்க வேண்டும் என்ற பாடத்தை இதே ஊரில் கடலும் நடத்தியிருக்கிறது, இன்னும் பெரிய அளவில்.

நடுத்தர வயது புதுச்சேரிக்காரர்களைக் கேட்டால், காந்தி சிலைக்கு எதிரே அகலமான மணல்வெளியில் விளையாடியதைச் சொல்வார்கள். பிற்பாடு பிறந்தவர்கள் அந்த இடத்தில் கருங்கல் குவியலைத்தான் பார்த்து வளர்ந்தார்கள். இடையில் நடந்தது துறைமுகம். 1986-க்கும் 1989-க்கும் இடையே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கடலுக்குள் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. கிழக்குக் கடற்கரையில் கரையை ஒட்டி ஒரு மணல் ஆறு ஓடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் அலைகள் சாய்வாக வந்து மோதி, மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் திரும்பி வருகிறது. கூட்டிக் கழித்தால் ஆண்டுக்குச் சில லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே போகிறது. சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வழக்கம்போல் வந்து, இருந்ததை அள்ளிப்போனது.

இதை யாரும் முன்பே அறியவில்லை என்று சொல்ல முடியாது. துறைமுகத் திட்டத்திலேயே அதற்கு மாற்று வழி எழுதப்பட்டிருந்தது: தெற்கே சேரும் மணலை எடுத்து, குழாய் வழியாக வடக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், ஆண்டுதோறும், நிறுத்தாமல். சுவர் கட்டி முடிந்தது. மணலை மாற்றும் வேலை எழுதியபடி தொடர்ந்து நடக்கவில்லை. கட்டுமானத்துக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. பராமரிப்புக்கு இரண்டும் கிடையாது. அதற்குரிய பணம் ஒவ்வொரு நிதிநிலை அறிக்கையிலும் மறுபடி போராடி வாங்க வேண்டியது.

கடற்கரைச் சாலையைக் காக்கக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. அங்கும் கல் கொட்டினார்கள். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று நகர்ந்து, எல்லையைத் தாண்டித் தமிழகத்துக்குள் தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம்வரை போயிற்று. படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் இருந்த மணல் போயிற்று, வீடுகளும் போயின. மீனவர் ஒருவருக்குக் கடற்கரை என்பது வேலை செய்யும் இடம். அது கரைவது ஒரு தொழிற்சாலை இடிவதற்குச் சமம். ஆனால் துறைமுகத்தின் செலவுக் கணக்கில் அந்த இழப்பு ஒரு வரியாகக்கூட இடம்பெறவில்லை. இழந்தவர்களில் பலர் வேறு மாநிலத்தில் இருந்ததும் ஒரு வசதியாகப் போயிற்று.

‘பாண்டிகேன்’ என்ற குடிமக்கள் அமைப்பு ஆண்டுக்கணக்காக இதை எடுத்துச்சொல்லி, நீதிமன்றப் படிகளும் ஏறியது. 2018-இல் தேசியக் கடல்தொழில்நுட்பக் கழகம் வடிவமைத்த ஆப்பு வடிவ இரும்புத் தடுப்பு ஒன்று, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் இறக்கப்பட்டது. அலையின் வேகத்தை அது முன்கூட்டியே தணித்தது. முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலும் கரையில் சேர்க்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு நகரத்துக்கு ஒரு மணல் கரை திரும்பக் கிடைத்தது. மாலையில் குழந்தைகள் அங்கே மண்வீடு கட்டுவதைப் பார்த்தால் மனம் நிறைகிறது. வடக்கேயுள்ள குப்பங்களின் கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

துறைமுகச் சுவர் எழுந்த காலத்தில், திட்டத்துக்கு முன் சுற்றுச்சூழல் பாதிப்பை மதிப்பிட்டே ஆகவேண்டும் என்ற அறிவிக்கை வரவில்லை. 1984 போபால் துயரத்தில், வாயு கசிந்தால் தடுக்க வேண்டிய குளிர்சாதனமும் எரிகோபுரமும் செயல்படாமல் கிடந்தது உலகத்துக்கே தெரிந்தது. அதன் பிறகு 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1987-இல் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம், 1989-இல் அபாயகரமான ரசாயனங்களுக்கான விதிகள், 1994-இல் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிவிக்கை என்று வரிசையாக வந்தன. மக்கள் கருத்துக்கேட்பும் அவசரகாலத் திட்டமும் ஒத்திகையும் அப்படித்தான் கட்டாயமாயின. 2006-இன் புதிய அறிவிக்கைப்படி, அனுமதி பெற்ற நிறுவனம் நிபந்தனைகளை நிறைவேற்றிய விவரத்தை ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1-லும் டிசம்பர் 1-லும் அளிக்க வேண்டும். அவை பொது ஆவணங்கள். யாரும் கேட்டுப் படிக்கலாம். காலாப்பட்டு, சேதராப்பட்டு பக்கம் குடியிருப்பவர்கள் அப்படிக் கேட்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள நியாயமான காரணம் இருக்கிறது: 2023 நவம்பரில் காலாப்பட்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் நடந்த வெடிவிபத்தில் பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் தீக்காயமடைந்தார்கள்.

பாதாளச் சாக்கடை இணைப்புக்கு இப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு ஒப்படைக்கும் வழக்கம் இல்லை. இருக்க வேண்டும். எந்தத் தெருவில் எத்தனை இணைப்புகள், எத்தனையில் ட்ராப் உண்டு, எத்தனையில் இல்லை, கடைசியாக எப்போது தூர்வாரினார்கள் என்ற பட்டியலைப் பொதுப்பணித் துறையும் உழவர்கரை, புதுச்சேரி நகராட்சிகளும் வார்டுவாரியாக ஒட்டிவைப்பதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியபோது, தெருவெள்ளமும் சாக்கடையும் ஒன்றாயின. அப்படி ஒவ்வொரு பெருவெள்ளத்துக்குப் பிறகும் அந்தப் பட்டியலைப் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். மண் புகுந்து அடைத்த குழாய் பழைய குழாய் இல்லை.

ட்ராப் இருக்கிற வீட்டுக்கும் ஒரு வேலை உண்டு. புழங்காத குளியலறையில் வளைவுத் தண்ணீர் சில வாரங்களில் ஆவியாகிவிடும். வாசல் திறந்தது மாதிரிதான். 2003-இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்ககத்தில் சார்ஸ் நோய் 300-க்கும் மேற்பட்டவர்களைத் தாக்கியபோது, ஆய்வாளர்கள் கண்ட வழிகளில் ஒன்று இப்படிக் காய்ந்துபோன தரை ட்ராப். புதுச்சேரியில் சனி, ஞாயிறு மட்டும் நிரம்பும் விடுதி அறைகள் ஏராளம். முகூர்த்த மாதத்துக்கு மட்டும் திறக்கும் கல்யாண மண்டபங்கள் உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. கோடை விடுமுறை முழுக்க மூடிக்கிடந்து ஜூனில் திறக்கும் பள்ளிகளும் உண்டு. இவற்றில் ஒவ்வொரு குளியலறைச் சல்லடையிலும், ஆள் நுழையும் முன் சன்னலைத் திறந்துவைத்து, ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற வேண்டும். பள்ளி திறப்புக்கு முந்தைய நாள் வேலைப் பட்டியலில், கரும்பலகைக்குக் கறுப்பு பூசுவதற்கு முன்னால், அதை எழுதிவைக்கலாம்.