ஸீட்டுக்கு எத்தனை உயரம்?

பந்தயத்தின் நடுவே, ஓடுகிற ஸைக்கிளில் இருந்தபடியே ஸீட்டை ஏற்றி இறக்கிய வீரரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அவர்தான் பெல்ஜிய நாட்டு எடி மெர்க்ஸ்.

1969 ஜூலையில் 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தை முதன்முறையாக வென்றார். செப்டம்பரில், பிரான்ஸின் ப்ளுவா நகரப் பந்தயத் திடலில் கோர விபத்து! அவருக்கு முன்னால் மோட்டார் வண்டியில் சென்றவர் மாண்டார். மெர்க்ஸுக்கு இடுப்பெலும்பு பிசகியது. அன்று முதல் வலி தீரவில்லை. அதனால்தான் அந்த ஓயாத ஸீட் மாற்றம். ஆயினும் அதே பந்தயத்தை மேலும் நான்கு முறை வென்றார்!

நம் ஸீட்டைச் சரி செய்வது சுலபம். சுவரைப் பிடித்தபடி வண்டியில் உட்காருங்கள். பெடலைக் கீழே இறக்கி, அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் ஏறக்குறையச் சரி. முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கும்.

ஸீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்புறம் வலிக்கும். உயர்ந்திருந்தால் பின்புறம் இழுக்கும், இடுப்பும் இருபுறம் ஆடும். ஸீட்டின் மூக்கு வானத்தைப் பார்க்கவும் வேண்டாம், பூமியைப் பார்க்கவும் வேண்டாம், மட்டமாக இருக்கட்டும்.

அவசரம் கூடாது. ஒரு தடவைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மாற்றி, சில நாள் ஓட்டிப் பாருங்கள். பழைய அளவைக் குறித்து வைத்துக்கொள்ள மறக்காதீர்கள்.

ஸைக்கிள் ஓட்டும் உங்கள் பிள்ளை, "முழங்கால் வலிக்கிறது, அம்மா!" என்கிறானா? தைலப் புட்டியைத் தேடுமுன், ஸீட்டின் உயரத்தையும் சற்றுப் பாருங்கள்!